நாற்பத்து மூன்றாம் கட்டம்

எண்ணெய்க் கறைக்கு அபராதம் ஐம்பது வெள்ளி.
லிஃப்டுக்குப் பக்கத்தில் மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறார்கள்.
தமிழில் மட்டும் 'எண்ணெய்க் கரைக்கு' என்று,
ஏதோ பத்து ஃபிரிங்கி கடற்கரைக்கு
நுழைவுச் சீட்டு வாங்கச் சொல்வதுபோல.

போன மார்ச்சில் நான் கட்டினேன்.
ஜெலுத்தோங் பட்டறையில் வாஷர் போட மறந்தவன்
'வீட்டுக்காரர் வரலையா' என்று கேட்க மறக்கவில்லை.
இரவெல்லாம் சொட்டியது என் மைவி.
விடிந்தபோது நாற்பத்து மூன்றாம் கட்டத்தில்
தோசைக்கல் அளவு கறுப்பு.
முதலில் பார்த்தவர் நாற்பத்து நாலு, மிஸ்டர் ஊய்.
நிர்வாகத்துக்கு முதலில் சொன்னவரும்.

அதனால் இந்த ஞாயிறு,
ரெலாவில் சுபுஹு பாங்கு முடிந்த கையோடு
காடியை ரேம்ப்பில் ஏற்றி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து,
ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்தேன்.
அதன்மேல் அரிசிச் சாக்கு.
அதன்மேல் பேசின்.
கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பொட்டலம் மரத்தூள்,
தீயணைப்பு வண்டி மாதிரி.

ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும்.
ரசம் பரிமாறும் சூடு போதும்.

போல்ட்டை இழுக்கக் கூடாது.
உள்ளே அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும்,
கடன்காரன் வெளியே நிற்கையில்
கதவைப் பிடித்திருப்பதுபோல்.
கடைசிப் புரி விட்டது விரலுக்குத் தெரியும்.
அந்த நொடியில் கையைப் பக்கவாட்டில் எடுக்காவிட்டால்
மணிக்கட்டு, முழங்கை, அக்குள்.
போன தடவை அப்படித்தான் கற்றேன்.
அந்த டீஷர்ட் இப்போது கைத்துணி.

முதலில் தூரமாகப் பாயும்.
வேகம் குறையக் குறையக் கிட்டே வரும்.
கடைசியில் நேர் கீழே, நூலாக.
பேசினும் கூடவே நகர வேண்டும்.
ஒரே இடத்தில் வைத்துவிட்டு
ஃபோனைப் பார்க்கிறவர்களுக்குத்தான் ஐம்பது வெள்ளி.

துரோகி ஃபில்டர்.
காலியானதுபோல் இருந்துகொண்டு
வயிற்றில் அரைக் கோப்பை வைத்திருக்கும்.
நேற்று மாமாக் கடையில் ரொட்டி சானாய் கட்டித் தந்த பையை
அதற்குத் தலையோடு மாட்டி
பைக்குள்ளேயே திருகிக் கழற்றினேன்.
பழைய ரப்பர் வளையமும் கூடவே வந்ததா?
வந்தது.
புதியதன் வாயில் ஒரு விரல் எண்ணெய் தடவி,
கையால் மட்டும் இறுக்கி,
போல்ட்டுக்குப் புது வாஷர்.
அதை இரண்டு முறை பார்த்தேன்.

அடியில் படுத்திருப்பவளுக்கு
மனிதர்கள் எல்லாம் செருப்புகள்.
நீல ஜப்பான் சிலிப்பர் ஒரு ஜோடி வந்து
கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது.
பேசவில்லை. போகவுமில்லை.
இடது பெருவிரல் மட்டும்
அடிக்கடி நிமிர்ந்து பார்த்தது.

மூன்று லிட்டர் ஊற்றி, ஓடவிட்டு, நிறுத்தி,
குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டேன்.
இரண்டு புள்ளிக்கும் நடுவில், தேன் நிறம்.
பழையதைப் புனல் வைத்துப் போத்தலில் இறக்கி
மார்க்கரால் 'பழசு' என்று எழுதினேன்.
அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.
தரை காய்ந்து கிடந்தது.
சிலிப்பருக்கு மேலே இருந்த முகம்
கொஞ்சம் ஏமாந்ததுபோல் தெரிந்தது.

வெற்றியோடு திரும்பியபோது என் தோள்
கண்ணாடியில் தொங்கிய பையைத் தட்டியது.
பசியாற வாங்கிய கோப்பி ஓ.
கோடு தாண்டிப் போய்
நாற்பத்து நாலில் வெடித்தது.
கறுப்பாகப் பரவி
அழகான ஒரு கரை போட்டுக்கொண்டது.

மிஸ்டர் ஊய் குனிந்தார்.
விரலால் தொட்டார். முகர்ந்தார்.
நான் தடுப்பதற்குள் நாக்கில் வைத்தார்.
'சீனி அதிகம்,' என்றார் மலாயில்.
மரத்தூளை நான் தூவ
அவரே துடைப்பம் எடுத்துவந்து கூட்டினார்.
அறிவிப்பில் கோப்பியைப் பற்றி
எந்த மொழியிலும் எதுவுமில்லை.

திங்கள் காலை ஐந்தாம் மாடியிலிருந்து பார்த்தேன்.
என் மைவியின் அடியில் குனிந்து தேடினார்.
எழுந்தார்.
யாரும் இல்லையென்று சுற்றிப் பார்த்துவிட்டுத்
தன் வாஜாவின் அடியில் குனிந்தார்.
அங்கே
இன்னும் கொஞ்சம் அதிக நேரம்.